படிக்கட்டு இருக்கட்டும், அந்த அறையில் என்ன நடந்தது?

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சொல்லிச் சொல்லி அலுத்துப்போன 'கிமி நோ நா வா' என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தை ஒருவழியாகப் பார்த்துவிட்டேன். உன் தம்பி லேப்டாப்பில் போட்டுக்கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டான். கீழே ஓடுகிற ஆங்கில எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் அது மாறிவிடுகிறது. நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் ஒன்றே முக்கால் மணி நேரப் படம் எனக்குப் பகல் முழுக்க ஓடியது. போனில் சொல்லலாம் என்றால் நீ "சரிம்மா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

தோக்கியோ யோட்சுயாவில், படத்தின் கடைசிக் காட்சி நடக்கிற சுகா கோயில் படிக்கட்டில் நின்று, அந்தச் சிவப்புக் கைப்பிடியோடு நீ அனுப்பிய போட்டோவின் அர்த்தம் இப்போதுதான் புரிந்தது. கடைசிக் காட்சிக்காகவே இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தாய். உன் வயசுக்கு அது சரி. எனக்கு மனசு போய் நின்ற இடம் வேறு. படம் காட்டாமல் விட்ட ஒரு அறை அது. அங்கே வருவதற்குள் கொஞ்சம் சுற்றுவேன், பொறுத்துக்கொள்.

கூடு விட்டுக் கூடு பாய்வதெல்லாம் நமக்குப் புதுசா? மூலன் என்ற இடையன் செத்துக் கிடக்க, மாடுகள் சுற்றி நின்று அழ, மனசு கேட்காமல் அந்த உடம்புக்குள் நுழைந்தாரே திருமூலர். சாத்தனூர் நம் ஊரிலிருந்து ஒன்றும் ரொம்பத் தூரமில்லை. ஆனால் அவர் சித்தர், தெரிந்து செய்தார். இந்த இரண்டு பிள்ளைகளும் தூங்கி எழுந்தால் மாறிப்போயிருக்கிறார்கள். மலைக்கு நடுவே ஏரிக்கரையில் இருக்கும் இதோமோரியில் கோயில் வீட்டுப் பெண் மிட்சுஹா. தோக்கியோவில் பள்ளி முடிந்து இத்தாலிய ஓட்டலில் தட்டு தூக்கும் பையன் டாக்கி. இவள் அவனாகவும் அவன் இவளாகவும் எழுந்து, அன்றைக்கு நடந்ததையெல்லாம் போனில் எழுதிவைத்துவிட்டுப் போகிறார்கள். சண்டை போடுவதும் அதில்தான். அந்தப் பகுதி முழுக்கச் சிரித்துக்கொண்டே பார்த்தேன். காலையில் எழுந்ததும் அந்தப் பையன் அடிக்கிற விடலைக் கூத்தை மட்டும் ஒருமுறையோடு விட்டிருக்கலாம்.

ஒரு சந்தேகம். இரண்டு பேருக்கும் நடுவே மூன்று வருஷ இடைவெளி இருக்கிறது என்பதுதான் கதையின் முடிச்சு. அவள் 2013இல், அவன் 2016இல். கையில் எந்நேரமும் போன் வைத்திருக்கிற பிள்ளைகள் அதில் வருஷத்தைப் பார்க்கவே இல்லையா? வருஷம் போகட்டும், கிழமை இடிக்காதா? 2013 அக்டோபர் 4 வெள்ளிக்கிழமை, 2016இல் அதே தேதி செவ்வாய்க்கிழமை. காலண்டரில் சரிபார்த்தேன். வாத்தியார் புத்தி போகவில்லை. கனவில் யார் காலண்டர் பார்ப்பார்கள் என்று நீ கேட்பாய். சரி, விட்டுவிடுகிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது அந்தப் பாட்டிதான், ஹிதோஹா. பேத்திகளை உட்கார வைத்து நூல் பின்னக் கற்றுக்கொடுக்கிறாளே, அந்தக் குமிஹிமோ கயிறு. கட்டைகளில் சுற்றிய நூலைத் தட்டின் மேல் இப்படியும் அப்படியும் தூக்கிப் போடும்போது வருகிற டக் டக் சத்தத்தைக்கூட விடாமல் வைத்திருக்கிறார்கள். அப்புறம் அந்தச் சாமி சாராயம். பள்ளியில் கூடப் படிக்கிறவர்கள் வேடிக்கை பார்த்துச் சிரிக்க, மேடையில் உட்கார்ந்து சோற்றை மென்று சின்னப் பெட்டிக்குள் உமிழ வேண்டும். அது புளித்து மதுவாகும். கையை உயர்த்தி அங்கியால் வாயை மறைத்துக்கொள்கிறாளே மிட்சுஹா, அந்த வயசுப் பெண்ணின் வெட்கம் முழுக்க அந்த ஒரு அசைவில் இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி படியில் இறங்கி ஓடி, அடுத்த பிறவியிலாவது தோக்கியோவில் அழகான பையனாகப் பிறக்கவேண்டும் என்று கத்துவது நியாயம்தான்.

ஏன் மெல்லவேண்டும், நூலை ஏன் அப்படிப் பின்னவேண்டும் என்று பாட்டிக்கே தெரியாது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் செருப்பு செய்கிறவர் வீட்டில் பிடித்த தீ பரவிக் கோயிலையும் ஏடுகளையும் எரித்துவிட்டது. காரணம் சாம்பலாகிவிட்டது, சடங்கு மட்டும் கைமாறிக் கைமாறி வருகிறது. அப்படியும் பாட்டி விடுவதாயில்லை. அப்புறம்தான் தெரிகிறது, 1200 வருஷத்துக்கு ஒருமுறை வருகிற வால்நட்சத்திரத்தின் துண்டு முன்பே ஒருதரம் அங்கே விழுந்திருக்கிறது, அந்த ஏரியே அப்படி வந்ததுதான் என்று. மலைமேல் குகைக்குள் விதானத்தில் வரைந்தும் வைத்திருக்கிறார்கள். பாட்டிக்குச் சின்ன வயசில் அதே மாதிரி விசித்திரக் கனவுகள் வந்திருக்கின்றன. மிட்சுஹாவின் அம்மாவுக்கும்தான். பரம்பரை பரம்பரையாக அந்த வீட்டுப் பெண்களின் தூக்கத்தில் யாரோ எச்சரிக்கையைக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் எனக்கு மணிமேகலைதான் ஞாபகம் வந்தது. மகனைத் தொலைத்த துயரத்தில் சோழ மன்னன் இந்திர விழாவை மறந்துவிட, மணிமேகலா தெய்வத்தின் சாபத்தால் புகாரைக் கடல் கொண்டது என்று சாத்தனார் சொல்கிறார். வகுப்பில் நடத்தும்போதெல்லாம் பிள்ளைகள் கேட்பார்கள், ஒரு விழா நடத்தாததற்கு ஊரையே அழிப்பார்களா டீச்சர் என்று. கோபக்கார சாமி கதை என்று நானும் சிரித்துவைப்பேன். விழாவை மறந்தால் எதற்காக விழா என்பதும் மறந்துபோகும் என்று இந்தப் படத்தை வைத்துக்கொண்டு நடத்தியிருக்கலாம். இப்போது எனக்கு வகுப்பு இல்லை, நீதான் மாட்டினாய்.

இயக்குநர் மகோட்டோ ஷின்காய் நகானோ மலைப்பக்கத்துக்காரராம், 1973இல் பிறந்தவர். 2002இல் ஒரு குறும்படத்தை ஏறக்குறைய தனி ஆளாக வீட்டுக் கணினியில் செய்து பேர் வாங்கியவர். 2011 மார்ச் 11 நிலநடுக்கமும் சுனாமியும் இந்தக் கதைக்குப் பின்னால் இருக்கின்றன என்று அவரே சொல்லியிருக்கிறார். சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும். டாக்கி அந்த ஊரைத் தேடி ஹிதா பக்கம் அலைகிறானே, கையில் இருப்பது ஞாபகத்திலிருந்து வரைந்த படங்கள் மட்டும்தான். ராமென் கடையில் பரிமாறும் அம்மா அதைப் பார்த்ததும் இது இதோமோரி என்கிறாள். அவள் புருஷன் அந்த ஊர்க்காரர். மூன்று வருஷத்துக்கு முன்பே வால்நட்சத்திரத் துண்டு விழுந்து அழிந்துபோன ஊர். அப்புறம் நூலகத்தில் இறந்தவர் பட்டியலை விரலால் தடவிக்கொண்டே வருகிறான். ஐந்நூறு பேருக்கு மேல். அவள் பெயரும் இருக்கிறது, பக்கத்தில் வயசு, 17. அதற்கு முன்பே, அழிந்த ஊரைப் பார்த்து நிற்கும்போதே, அவன் பார்க்கப் பார்க்கவே போனில் அவள் எழுதிய குறிப்பெல்லாம் எழுத்து எழுத்தாய்க் குலைந்து மறைகிறது.

அந்தப் பட்டியல் மாதிரி ஒன்றை நாகையில் நாங்கள் பார்த்திருக்கிறோம் கயல். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல். உனக்கு அப்போது மூன்று வயசு, என் இடுப்பில் இருந்தாய். கரையிலிருந்து ஒரு பையன் "கடல் வருது, ஓடுங்க" என்று கத்திக்கொண்டு வந்தான். "கடல் எங்கேடா வரும்" என்று தெருவில் சிரித்தார்கள். அதுவரை யாரும் சுனாமி என்ற வார்த்தையைக் கேட்டதுகூடக் கிடையாது. உன் அப்பா அவன் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். சட்டைகூடப் போடாமல் நம் எல்லாரையும் இழுத்துக்கொண்டு ஓடினார். இதை உனக்கு இவ்வளவு விவரமாகச் சொன்னதில்லை, சொல்லும் சந்தர்ப்பம் வரவில்லை.

இப்போது அந்த அறைக்கு வருகிறேன்.

துண்டு விழப்போகும் அதே நாளில் டாக்கி மறுபடி மிட்சுஹாவின் உடம்பில் எழுகிறான். ஊரைக் காப்பாற்றப் பிள்ளைகள் போடும் திட்டம் உனக்குத் தெரியும். மிட்சுஹாவின் தோழன் டெஸ்ஸி வெடிமருந்து எடுத்துவந்து மின்நிலையத்தை வெடிக்க வைக்கிறான். தோழி சாயாகா பள்ளியிலிருந்து ஊர் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறாள், குரல் நடுங்குகிறது. 2011இல் மினாமி சன்ரிகு என்ற கடலோர ஊரில் சுனாமி வந்தபோது எல்லாரும் மேட்டுக்குப் போங்கள் என்று கடைசிவரை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்து உயிரை விட்ட நகர அலுவலகப் பெண்ணை ஜப்பானில் யாராவது மறந்திருப்பார்களா? அந்தக் காட்சியில் தியேட்டர் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். படத்தில் ஜனங்கள் நகரவில்லை. நகரசபை வேறு, அங்கங்கேயே இருங்கள் என்று அறிவித்துவிடுகிறது. நகரவைக்க முடிந்த ஆள் ஒருவர்தான். மேயர். மிட்சுஹாவின் அப்பா.

அந்த மனுஷன் மேல் எல்லாருக்கும் கோபம் வரும். பெண்டாட்டி செத்ததும், நான் விரும்பியது அவளைத்தான், இந்தக் கோயிலை இல்லை என்று பெண் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனவர். மிட்சுஹாவின் உடம்பில் டாக்கி போய் வால்நட்சத்திரம் விழப்போகிறது என்றதும், இது அந்தக் குடும்பத்துக் கிறுக்கு, ஆஸ்பத்திரிக்குப் போ என்கிறார். பையன் அவர் கழுத்து டையைப் பிடித்து இழுக்கிறான். அப்போது அவர் கேட்பதைக் கவனித்தாயா? "யார் நீ?" விட்டுவிட்டுப் போன அப்பாதான், ஆனாலும் எதிரில் நிற்பது தன் பெண் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பாட்டிக்குத் தெரிந்த மாதிரியே.

அதற்குப் பிறகு மலை உச்சியில் அந்தி நேரத்தில் இரண்டு பேரும் பார்த்துக்கொள்வது, பேர் மறக்காமலிருக்க உள்ளங்கையில் எழுதுவது எல்லாம் உனக்கு மனப்பாடம். அவள் ஓடிக் கீழே விழுந்து, கையைத் திறந்து பார்த்தால் அவன் பேர் இல்லை. உன்னைப் பிடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறான். இதை வைத்து எப்படி உன் பேரை ஞாபகம் வைத்துக்கொள்வது என்று அழுகிறாள். அழுதுவிட்டு எழுந்து ஓடுகிறாள் பார், எங்கே ஓடுகிறாள்? அவனைத் தேடியா? அப்பாவின் அறைக்கு. காதல் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியது அந்தக் கதவில்தான். நீ சொன்ன காதல் படம் எனக்குப் பிடித்ததும் அந்த இடத்தில்தான்.

முகமெல்லாம் சிராய்ப்போடு உள்ளே வருகிறாள். பாட்டியும் தங்கையும் அங்கே இருக்கிறார்கள். அப்பாவை நேராகப் பார்த்து நடந்து வருகிறாள். அவ்வளவுதான், காட்சி வெட்டு. அடுத்து வானத்தில் துண்டு விழுகிறது. என்ன பேசினாள் என்று படம் சொல்லவே இல்லை. வருஷங்கள் கழித்துப் பழைய பத்திரிகையில்தான் தெரிகிறது, மேயர் திடீரென்று ஒத்திகை நடத்தி ஜனங்களை வெளியேற்றியதால் ஊர் பிழைத்தது என்று.

வசனம் எழுத முடியாமல் விட்டுவிட்டார்களோ என்று முதலில் எரிச்சலாக இருந்தது. ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். அவள் புதுசாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள் என்று தோன்றுகிறது. அதே நம்பமுடியாத விஷயம்தான். பகலில் வந்து நின்றது தன் பெண் இல்லை என்று கண்டுகொண்டவருக்கு, இப்போது வந்து நிற்பது பெண்ணேதான் என்பதும் தெரிந்திருக்கும். அவளிடம் செத்துப்போன பெண்டாட்டியின் சாயலும் இருந்திருக்கும். உன் அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அதான், முகத்தைப் பார்த்தா தெரியும்ல" என்றார், டீயை ஆற்றிக்கொண்டே. அவர் படம் பார்க்கவில்லை.

நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. எனக்குப் பதில் வேண்டும், இதயப் படம் அனுப்பித் தப்பிக்காதே.

அப்புறம் இரண்டு விஷயம். விடுமுறையில் ஹிதா-புருகாவா ஸ்டேஷனுக்குப் போகப்போவதாகச் சொன்னாயே, போனால் நல்ல குமிஹிமோ கயிறு கிடைக்குமா பார். சிவப்பு வேண்டாம், எல்லாரும் அதைத்தான் வாங்குவார்கள். இன்னொன்று, செப்டம்பர் 1 அங்கே பேரிடர்த் தடுப்பு நாள், 1923 நிலநடுக்க நினைவாக ஒத்திகை நடத்துவார்கள் என்று படித்தேன். உன் பேட்டையில் நிலநடுக்கம் வந்தால் எந்தப் பள்ளிக்கோ பூங்காவுக்கோ போகவேண்டும் என்று குறித்திருப்பார்கள். அதன் பேரையும், உன் வீட்டிலிருந்து நடந்தால் எவ்வளவு நேரம் என்பதையும் விசாரித்து எழுது. தெரியாது என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே நடந்து பார்த்துவிட்டு வா. அப்பாவும் அதைத்தான் கேட்கிறார்.

ஷின்காயின் 2022 படம் 'சுஸுமே' 2011 நிலநடுக்கத்தை நேராகவே எடுத்துக்கொள்கிறதாமே. தம்பி தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

அன்புடன்,
அம்மா