2024–25 ஆண்டறிக்கை: மலைக்காட்டுச் சிறுபாம்பும் நம் கரையும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மண்டபம், வேதாளை, பாம்பன் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் மீனவப் பெருமக்களே, ஆசிரியர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடற்கரைத் தூய்மைப் பணியும் பள்ளிக் கூட்டங்களும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல விரும்புவது மாணவர்களோடு சென்ற கொடைக்கானல் பயணத்தைப் பற்றி.

"கடலோரச் சங்கத்துக்கு மலையில என்ன வேலை தம்பி?" என்று சென்ற பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலே இந்த அறிக்கையின் பெரும்பகுதி.

நாங்கள் பார்க்கப்போனது கேடயவால் பாம்பை. வனத்துறை அனுமதியோடு, மழை ஓய்ந்த காலையில், சோலைக்காட்டு ஓரத்தில் மக்கிய இலைகளுக்கடியில் ஒன்று கிடைத்தது. ஒரு முழம்கூட இல்லை. தலை கூர்மை; வால் சாய்வாக வெட்டிவிட்டாற்போல் முடிந்து, அதன் சொரசொரப்பில் மண் அப்பியிருந்தது. அந்த மண் வளையை அடைக்கும் மூடியாகவும் பயன்படும் என்கிறார்கள். உடலின் முன்பகுதித் தசைகளால் மண்ணைப் பிளந்துகொண்டு போகிறது, மண்புழுவைத் தின்கிறது, முட்டையிடாமல் குட்டி போடுகிறது. விஷம் துளியும் இல்லை. ஆனாலும் விரியன் குட்டியென்று அடித்துவிடுகிறார்கள். மழைக்கு வெளியே வருபவை சாலையில் வண்டிச் சக்கரத்தில் அரைபடுகின்றன. அப்படிச் செத்த ஒன்றையும் வழியில் பார்த்தோம். பிள்ளைகள் வெகுநேரம் பேசவில்லை.

கொடைக்கானல் அமைந்த பழனிமலைத் தொடரில் வாழும் கேடயவால் இனத்தை வெள்ளை அதிகாரி பெடோம் 1863இலேயே விவரித்துவிட்டார். ஆயினும் இனங்களின் கணக்கு முடியவில்லை. கோவை ஆனைகட்டியில் கிடைத்த ஓர் இனத்துக்கு, மறைந்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரை 2018இல்தான் வைத்தார்கள்.

இனி நம் கரைக்கு வருகிறேன். கேடயவால் பாம்புக் குடும்பம் உலகத்திலேயே இந்தியத் தீபகற்பத்திலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. நடுவே இருப்பது நம் கடல். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றுள்ளதைவிட 100 மீட்டருக்கும் கூடுதலாகக் கீழே இருந்தது. பாக் நீரிணையோ ஆழமற்றது. அன்று நாம் வலைவீசும் இடமெல்லாம் தரை; நடந்தே அக்கரை போகலாம். அப்படியிருந்தும் அக்கரைப் பாம்புகளும் இக்கரைப் பாம்புகளும் அவ்வளவாகக் கலக்கவில்லை என்று 2004இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. குளிர்ந்த ஈரமண்ணில் வாழும் உயிருக்கு இடைப்பட்ட வறண்ட சமவெளியே தடையாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். கடலைவிட நம் செம்மணலும் உடைமரக்காடும் அதற்குப் பெரிய அகழி. மலையின் ஈரம் போனால் அதற்கு இறங்கிவர இடமில்லை என்பதை நாம்தான் எளிதில் உணர முடியும். அதனால்தான் போனோம்.

இதே அக்கறையில்தான் கடற்பாம்பு பற்றியும் மீன் இறங்குதளத்தில் கூட்டம் போட்டோம். கரைவலை மடியில் ஏறிவரும் கடற்பாம்பைக் கையால் தொடாமல் கம்பால் கடலில் தள்ளுங்கள். துடுப்புபோல் தட்டையான வாலே அதன் அடையாளம். நம் மருத்துவமனைகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்காகச் செய்தது; கடற்பாம்புக்கானது அல்ல. கடி வலிக்காவிட்டாலும் நேரம் கடத்தாமல், கட்டுப்போடாமல், கீறாமல் 108ஐ அழையுங்கள். இதைக் கேட்ட பெரியவர்கள் தங்கள் படகுகளில் சொல்லிவருகிறார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் மழைக்காலத்தில் மீண்டும் மலைக்குச் செல்லவும், சாலையில் சாகும் பாம்புகளைப் புகைப்படமெடுத்து, அப்படங்களை வனத்துறையிடம் ஒப்படைக்கவும் செயற்குழு தீர்மானித்துள்ளது. செலவில் ஒரு பகுதியை உறுப்பினர்கள் ஏற்க வேண்டியிருக்கும். இந்த அறிக்கையை ஏற்று, அத்தீர்மானத்தையும் நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்