கல்லடியில் அனிமேஷன் படிக்க வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த என் மகள், வீட்டிலிருந்தே பிளெண்டர் என்ற கணினி மென்பொருளில் அனிமேஷன் பழகுகிறாள். மென்பொருள் இலவசம், யூடியூப்பில் பாடமும் இருக்கிறது, பிறகென்ன என்று பலர் கேட்கிறார்கள். பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். போன மாதம் வடமோடி நாட்டுக்கூத்து ஆடும் ஒருவரின் ஆட்டத்தைப் போனில் எடுத்து, ஒவ்வொரு ஃபிரேமாக, அதாவது ஒவ்வொரு தனிப்படமாக நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். குதிக்கால் தரையில் பட்டதும் உடம்பின் பாரம் எப்படி இறங்குகிறது என்று பிடிக்க மூன்று இரவு போனது. "இந்த இடத்தில் இடுப்பு பிந்துகிறது பிள்ளை" என்று சொல்ல ஒரு ஆசிரியர் இருந்திருந்தால் ஒரு மணித்தியால வேலை.

அப்புறம் ரெண்டரிங், அதாவது செய்த அனிமேஷனைக் கணினி ஒவ்வொரு ஃபிரேமாக முழுப் படமாக்கித் தரும் வேலை. சினிமாவில் ஒரு செக்கனுக்கு 24 ஃபிரேம், ஒரு நிமிடத்துக்கு 1,440. எங்கள் கணினியில் ஒரு ஃபிரேமுக்கு 5 நிமிடம் எடுக்கிறது. ஒரு நிமிடப் படத்துக்கு இரவு பகலாக 5 நாள்.

கொழும்பில் தங்க வைத்துப் படிப்பிக்க எங்களுக்கு இயலாது. கல்லடியிலேயே சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. நடனமும் இசையும் ஓவியமும் தெரிந்தவர்கள் ஒரே இடத்தில் இருக்கும்போது, அனிமேஷன் படிக்க அதைவிட நல்ல இடம் ஏது? பின்னேரங்களில் வெளிப் பிள்ளைகளுக்கும் தமிழில் விஎஃப்எக்ஸ் (படங்களில் கணினியால் சேர்க்கும் காட்சி விளைவுகள்), அனிமேஷன் வகுப்பும், நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள பத்துக் கணினிகளும் அங்கே கிடைக்க உரியவர்கள் ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
கல்லடி, மட்டக்களப்பு.