வாக்கர் என்ற பெயர்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. கயல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் வேலைக்குச் சேர்ந்ததைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது தானே பேப்பர் படிக்கிறார்.

சரி, நீ கேட்ட விஷயம், கயலுடைய மேலதிகாரிக்கு வாக்கர் என்று ஏன் பெயர் என்பது. வாக்கர் என்றால் நடப்பவர், இங்கே துணிமேல் நடந்து மிதிப்பவர். அநேகமாக அந்த வம்சத்தில் யாரோ கம்பளித் துணி மிதித்திருக்கிறார்கள். தறியிலிருந்து இறக்கிய துணி எண்ணெய்ப் பிசுக்கோடு தளர்வாக இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, நாள்பட்ட சிறுநீரை ஊற்றி (அதிலுள்ள அமோனியா பிசுக்கை எடுத்துவிடும்), மணிக்கணக்கில் வெறுங்காலால் மிதிப்பார்கள். மிதிக்க மிதிக்க இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி சுருங்கித் தடிக்கும். முல்தானி மட்டி மாதிரியான களிமண்ணும் போடுவார்கள். அப்புறம் அலசி, கொக்கி வைத்த மரச்சட்டத்தில் இழுத்து மாட்டிக் காயவைப்பார்கள். குளிர் நாட்டில் அந்த நாற்றத்தில் நாள் முழுக்க நின்றவர்களை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. இங்கிலாந்துக்கு அந்தக் காலத்தில் செல்வம் கொட்டியதே கம்பளியில்தான், அதில் இவர்கள் உழைப்பும் இருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது என்னவென்றால், இதே தொழிலுக்கு வட்டாரத்துக்கு ஒரு பெயர். வடக்கே யார்க்‌ஷயர் பக்கம் வாக்கர், தென்கிழக்கே ஃபுல்லர், தென்மேற்கே டெவன், சாமர்செட் பக்கம் டக்கர். எக்ஸிடரில் 1471இல் கட்டிய டக்கர்ஸ் ஹால், இந்தத் தொழிலாளர் சங்கத்தின் மண்டபம், இன்னும் நிற்கிறது. ஆக, பெயரை வைத்தே முன்னோர் எந்தப் பக்கத்துக்காரர் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

இன்னொன்று. காலால் மிதிக்கும் வேலையைத் தண்ணீரில் ஓடும் ஆலையின் மரச்சம்மட்டிகள் 12ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே எடுத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டன, 1185இல் டெம்ப்ளர் என்ற கிறிஸ்தவப் போர்வீரத் துறவிகளின் சொத்துக் கணக்கில் யார்க்‌ஷயரில் அப்படி ஒரு ஆலை பதிவாகியிருக்கிறது. ஆனால் தொழிற்பெயர்கள் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் குடும்பப் பெயராக நிலைத்தது பெரும்பாலும் அதற்குப் பின்னால், 13, 14ஆம் நூற்றாண்டுகளில். அதாவது மிதிக்கும் வேலை குறையத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பெயர் தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

லீட்ஸிலேயே ஆர்ம்லி மில்ஸ் என்ற பழைய கம்பளி ஆலை இப்போது மியூசியமாக இருக்கிறது, கயலை ஒரு லீவு நாளில் போய்ப் பார்த்துவரச் சொல். அவள் பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் கட்டாயம் இங்கேயும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
முருகேசன்