அந்த ஊசியிலேயே இதையும் சேர்த்துத் தாருங்கள்

மத்திய கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறைக்கும், உயிரித் தொழில்நுட்பத் துறைக்கும் தெருநாய்களுக்குக் கருத்தடைத் தடுப்பூசி கேட்டுத் தில்லி முனிர்காவிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர்களுக்கு,

வணக்கம். முப்பத்திரண்டு வருடம் இதே ஊரில் மத்திய சர்க்கார் கோப்புகளைத் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். ஆகவே பின்னணியை விவரித்து உங்கள் நேரத்தைக் கெடுக்கப் போவதில்லை. 2025 ஆகஸ்ட் 11 அன்று தெருநாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது, 22 அன்று அதை எப்படி மாற்றியது, நடுவில் இருந்த நாட்களில் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் யார் யாரோடு பேச்சை நிறுத்தினார்கள்? முதல் இரண்டும் உங்களுக்குத் தெரியும்: தில்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடை என்றது, பிறகு பெரும்பாலானவற்றைக் கருத்தடையும் ஊசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடு என்றது. மூன்றாவதை ஊகித்துக்கொள்ளலாம். பிடி, கருத்தடை செய், ரேபிஸ் ஊசி போடு, பிடித்த இடத்திலேயே விடு. சர்க்காரின் நாய்க் கருத்தடை விதிகள் 2001-ல் சொன்னதும் 2023-ல் சொன்னதும் இதைத்தான். அந்த வரிசையில் முதல் சொல்லைப் பற்றித்தான் இந்த மடல்.

எங்கள் பிளாக்கின் மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டை நாய் இருக்கிறது. எங்களுக்குச் செவலை, கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாளுக்கு லாலி. வருடத்துக்கு இரண்டு ஈற்று, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு குட்டி. தை மாதம் போட்டவை பெரும்பாலும் குளிரில் போய்விடும். மிச்சம் அவுட்டர் ரிங் ரோடில்.

கருத்தடை வண்டி மூன்று முறை வந்தது. வாலாட்டிக்கொண்டு போய் நிற்கும் ஆண் நாய்கள் எல்லாம் கருத்தடை முடிந்ததற்கு அடையாளமாகக் காதில் துணுக்கு வெட்டோடு திரும்பி வந்தன. செவலைக்கு அந்த வண்டியின் சத்தம் தெரியும். முனையில் திரும்பும்போதே பூங்காவின் மழைநீர்க் கால்வாய்க்குள் போய்விடும். மூன்றாவது தடவை வந்த பையன்கள் என் மனைவியிடம் வந்தார்கள். "ஆன்ட்டி, உங்க கையிலதான் சாப்பிடுமாமே, கொஞ்சம் கூப்பிடுங்க" என்றார்கள். அவள் பழைய அலுமினியத் தட்டில் தயிர்சாதம் பிசைந்துகொண்டு போய்ப் படியில் உட்கார்ந்தாள். செவலை வந்தது. தலை தட்டுக்குள் இறங்கியதும் வலை விழுந்தது. பாதி நாய் மேல், பாதி அவள் மேல். வலைக்குள் நாயின் வாய்க்கு முதலில் கிடைத்தது அவளுடைய வலது கை. நாய் உதறிக்கொண்டு ஓடியது. வண்டியும் போய்விட்டது. அன்றைய கணக்கை வேறு பேட்டையில் முடிக்க வேண்டுமாம்.

அவளுக்கு வயது அறுபத்தாறு. காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் பொருள் ஊசி, பிறகு நாள் குறித்து ரேபிஸ் ஊசிகள். வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அது என்னை நம்பித்தானே வந்துது" என்று மட்டும் சமையலறையில் நாலு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். செவலை ஒன்றரை மாதம் எங்கள் வாசல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வந்தபோது வயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

பையன்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு பெட்டையைப் பிடிக்க வேண்டும், மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் திறக்க வேண்டும், தையல் ஆறும்வரை நாலைந்து நாள் கூண்டில் வைக்க வேண்டும், பிறகு அதே தெருவில் கொண்டுவந்து விட வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று கூலி என்றால் சுலபமாகச் சிக்குவதைத்தான் யாரும் பிடிப்பார்கள். பத்து ஆண் நாயில் ஒன்பதுக்கு அறுவை செய்தாலும் மிச்சமிருக்கும் ஒன்று போதும், செவலைக்கு.

இதே செவலை, அதற்கு முந்தைய வருடம் தடுப்பூசி முகாமுக்கு வந்த இளம் கால்நடை மருத்துவரிடம் பின்தொடையில் ரேபிஸ் ஊசி வாங்கிக்கொண்டது. தட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. என் வேண்டுகோள் இவ்வளவுதான்: அந்த ஊசி போடும் நேரத்திலேயே போடக்கூடிய ஒரு கருத்தடைத் தடுப்பூசியை நாய்களுக்கென்று உருவாக்கித் தாருங்கள்.

கிழவன் கனவு என்று குறிப்பெழுதி மூடிவிட வேண்டாம். மூளையிலிருந்து கிளம்பி இனப்பெருக்கத்துக்கு உத்தரவு கொடுக்கும் ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோன் பத்தே அமினோ அமிலம் நீளம். தனியாக ஊசியில் போனால் உடம்பு அதை அந்நியமாக எடுத்துக்கொள்ளாது. பெரிய அயல் புரதம் ஒன்றோடு ஒட்டிக் கொடுத்தால் அந்த ஹார்மோனுக்கு எதிராகவே எதிர்ப்புப் பொருள் சுரக்கும், உத்தரவு போய்ச் சேராது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மருந்து. அமெரிக்க வேளாண் துறை இப்படிச் செய்த கோனாகான் 2009-ல் பெண் மான்களுக்கும், பிறகு காட்டுக் குதிரைகளுக்கும் அனுமதி பெற்றது. ரேபிஸ் ஊசியோடு சேர்த்து நாய்களுக்குப் போட்டும் பார்த்தார்கள். ரேபிஸ் ஊசியின் வேலை கெடவில்லை. கருமுட்டையின் மேலுறையைக் குறிவைக்கும் இன்னொரு வகையும் உண்டு. அதில் குட்டி போடுவது நின்றுவிடும், பருவத்துக்கு வருவது நிற்காது. பருவம் வந்தால் ஆண் நாய்க் கூட்டம் வரும், சண்டை வரும், கடியும் வரும். தெருவில் இருப்பவனைக் கேட்டால் முதல் வகைதான் வேண்டும் என்பேன்.

இடைஞ்சல்களும் தெரியும். ஊசி போட்ட இடம் வீங்கிப் புண்ணாகிறது, ஒரு நாய்க்குப் பலித்தது இன்னொன்றுக்குப் பலிப்பதில்லை. ஒரே டோஸில், நாய்க்கும் பூனைக்கும், ஆயுளுக்கும் வேலை செய்யும் மருந்துக்கு அமெரிக்காவில் மைக்கேல்சன் என்பவர் 2008-ல் அறிவித்த இரண்டரைக் கோடி டாலர் பரிசை இதுவரை யாரும் வாங்கவில்லை. ஆனால் ஐயா, எங்களுக்கு ஆயுளுக்கும் வேண்டாமே! ரேபிஸ் ஊசியை வருடாவருடம் போடத்தானே போகிறீர்கள்? இரண்டு வருடம் தாங்கினால் போதும். வேறு ஊர்க்காரர்கள் வைத்த பரீட்சையை நாம் ஏன் எழுத வேண்டும்?

ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. தேசிய நோய் எதிர்ப்பியல் நிறுவனம் என் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகும் தூரம். அதைத் தொடங்கிய ஜி.பி. தல்வாரின் குழு பெண்களுக்கான கருத்தடைத் தடுப்பூசியை 148 பேரிடம் சோதித்து 1994-ல் முடிவை வெளியிட்டது. நாயின் கருமுட்டை உறையை வைத்தும் அங்கே ஆய்வு நடந்திருக்கிறது. மாடுகளுக்குத் தோல் கழலை நோய் வந்தபோது ஹிசாரிலும் இஸ்ஸத்நகரிலும் உள்ள ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து 2022-ல் லம்பி-ப்ரோவாக் என்ற தடுப்பூசியைக் கொண்டுவந்தன. கோமாரிக்கும் புருசெல்லா என்ற கருச்சிதைவு நோய்க்குமாக 2019-ல் 13,343 கோடி ரூபாய்க்குத் திட்டம் போட்டவர்கள் நீங்கள். மாடு பால் தருகிறது, ஒப்புக்கொள்கிறேன். நாய் தருவது ரேபிஸ் மட்டும்தான் என்பதால் அதன் கோப்பு அடியில் கிடக்கிறதோ? 2030-க்குள் நாய்வழி ரேபிஸை ஒழிப்போம் என்ற செயல்திட்டமும் சர்க்காருடையதுதானே! ஊசி போடாத புது நாய்கள் வருடத்துக்கு இரண்டு முறை பிறந்துகொண்டே இருக்க, ஒழிப்பது வலையாலா, வாட்ஸ்அப்பாலா?

மன்னிக்கவும். குறிப்புத்தாளில் இப்படியெல்லாம் எழுதக்கூடாது என்று கீழே இருந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

பணிவோடு திரும்பவும் கேட்கிறேன். அறுவைச் சிகிச்சையை நிறுத்தச் சொல்லவில்லை, அது நடக்கட்டும். இரண்டு துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து, தெருநாய்க்கான கருத்தடைத் தடுப்பூசிக்கென்று தனித் தொகையும் ஒரு கெடு தேதியும் குறியுங்கள். ரேபிஸ் ஊசியோடு சேர்த்துப் போடக்கூடியதாக, இரண்டு வருடம் தாங்கக்கூடியதாக.

பதில் எழுத நேரமில்லை என்றால் கோப்பு எண்ணை மட்டும் தெரிவியுங்கள். நகர்கிறதா என்று நான் விசாரித்துக்கொள்வேன், அந்த வழி எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பிரிவு அலுவலர் ஒருவர்
முனிர்கா, புது தில்லி

பி.கு.: செவலை மறுபடியும் தட்டுக்கு வருகிறது. என் மனைவி தட்டைப் படியில் வைத்துவிட்டு உள்ளே வந்து ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறாள்.