வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தோழர்களுக்கு வணக்கம். இந்த வருடம் நம் மாதக் கூட்டங்களில் பெரும்பாலானவை போலந்தின் சாலிடாரிட்டி என்ற தொழிற்சங்கத்துக்கே போயின. தொழிலாளி பேரில் ஆண்ட கம்யூனிஸ்ட் கட்சியை எதிர்த்துத் தொழிலாளிகளே கிளம்பிய கதையை நாம் பேசலாமா என்று முதல் கூட்டத்திலேயே சிலர் கேட்டார்கள். யூனியனில் இருக்கும் நாம்தான் முதலில் பேச வேண்டும் என்றேன், இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

1980 ஜூலையில் இறைச்சி விலை ஏறியது, லூப்ளின் பக்கம் வேலைநிறுத்தம் பரவியது, அப்புறம் ஆகஸ்ட் 14 அன்று கதான்ஸ்க் நகரத்து லெனின் கப்பல் கட்டும் தளத்திலும் வேலை நின்றது. கிரேன் ஓட்டிய அன்னா வாலென்டினோவிச்சை, ஓய்வு பெற ஐந்தே மாதம் இருக்கும்போது வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். அவரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லித்தான் ஆட்கள் கருவியைக் கீழே வைத்தார்கள்.

அதிகம் விவாதித்தது ஆகஸ்ட் 16 பற்றி. நிர்வாகம் சம்பள உயர்வுக்கு இறங்கிவந்தது, போராட்டத் தலைவர் லெக் வலேசா வேலைநிறுத்தம் முடிந்ததாக அறிவித்துவிட்டார், ஆட்களும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள், ஆனால் இவர்களை நம்பி வேலையை நிறுத்திய மற்ற ஆலைக்காரர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். டிராம் ஓட்டுநர் ஹென்ரிகா க்ஷிவோனோஸ், நர்ஸ் அலினா பியென்கோவ்ஸ்கா, அன்னா ஆகியோர்தான் சத்தம் போட்டு, கேட்டை மறித்து, போனவர்களில் ஒரு பகுதியையாவது நிறுத்தினார்கள். எல்லாப் பெருமையையும் வலேசாவுக்கே எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் ஆலைகளின் கூட்டுக்குழுவும் 21 கோரிக்கைகளும். பலகையில் எழுதி கேட்டிலேயே மாட்டினார்கள். முதல் கோரிக்கை, கட்சிக்கும் நிர்வாகத்துக்கும் கட்டுப்படாத சங்கம். கடைசி, சனிக்கிழமை விடுமுறை. ஆகஸ்ட் 31-ல் துணைப் பிரதமர் யாகியெல்ஸ்கி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். சுமார் மூன்றரைக் கோடி மக்கள் இருந்த நாட்டில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் சாலிடாரிட்டியில் உறுப்பினரானார்கள்.

1981 டிசம்பர் 13-ல் ராணுவச் சட்டம். மூன்றே நாளில் வூயெக் சுரங்கத்தில் சுட்டதில் 9 தொழிலாளிகள் இறந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. 1989 ஜூன் தேர்தலில் நாடாளுமன்ற மேலவையின் 100 இடங்களில் 99 சாலிடாரிட்டிக்கு. அதே கப்பல் தளம் 1996-ல் திவாலானதையும், போராடியவர்களே வேலை இழந்ததையும் மூத்த தோழர் ஒருவர் எடுத்துச் சொன்னார், அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

சரி, சங்க விஷயம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். பெண் உறுப்பினர்கள் இன்னும் குறைவாகவே வருகிறார்கள், கூட்ட நேரத்தை ஞாயிறு காலைக்கு மாற்றும் தீர்மானத்தை முன்வைக்கிறேன், விவாதித்து முடிவு செய்யுங்கள்.