செயலாளர் ஆண்டறிக்கை – 2025

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். மேடை ஏறும் முன் தலைகளை எண்ணினேன்: 31 பேர். கலிபோர்னியாவில் இருக்கும் நம் தமிழ்ச் சங்கத்தில் 140 குடும்பங்கள். விதிப்படி 35 குடும்பமாவது இருந்தால்தான் பொதுக்குழு செல்லும். நாலு பேர் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருப்பதாகத் தலைவர் சொல்கிறார். அதை நம்பி ஆரம்பிக்கிறேன்.

பொங்கல் விழா நடந்தது, கரும்பு போதவில்லை. சித்திரை விழா நடந்தது. கோடைப் பிக்னிக் நடந்தது. தீபாவளி விழாவில் நாடகம் நீண்டுவிட்டதால் ஹாலுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் வாடகை கொடுத்தோம். தமிழ்ப் பள்ளி பற்றி அதன் பொறுப்பாளர் தனியே பேசுவார். செயற்குழு ஒன்பது முறை கூடியது. ஒன்பதிலும் இருந்தவர்கள் மூன்று பேர், அதில் நான் ஒருத்தி.

அடுத்து, நம் உறுப்பினர்கள் உள்ளூர்க் கல்லூரியில் சேர உதவிய படிப்புக் குழு. "இந்த வருஷம் சங்கம் என்ன செய்தது?" என்று வாட்ஸப்பில் கேட்டவர்கள் தயவுசெய்து இதையாவது கேளுங்கள்.

போன பொங்கலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தங்கை சொன்னாள்: "எட்டு வருஷமா எல்லா ஃபார்மிலும் ஹோம்மேக்கர்னு எழுதிக் கை வலிக்குது அக்கா." கோயம்புத்தூரில் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்தவள், இங்கே ஹெச்-4, அதாவது வேலை விசாவில் வந்தவரின் துணைக்குத் தரும் விசா. ஹெச்-4-இல் சம்பள வேலைக்குத்தான் இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை வேண்டும், படிக்க அது தேவையில்லை. இது பாதிப் பேருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களும், படிப்பென்றால் ஐம்பதாயிரம் டாலர் மாஸ்டர்ஸ் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

குறைந்த கட்டணத்தில் இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர் அரசுக் கல்லூரிதான் கம்யூனிட்டி காலேஜ். அந்தப் பெயரைக் கேட்டதும் நம் ஆட்களுக்கு டுட்டோரியல் நினைவுதான் வருகிறது. மகன் அங்கே போனால் அவமானம், மனைவி போனால் பொழுதுபோக்கு. கலிபோர்னியாவில் இப்படி 116 கல்லூரிகள் இருக்கின்றன. நமக்குப் பக்கத்திலேயே ஃப்ரீமாண்ட்டில் ஓலோனி, ஹேவர்டில் ஷபோ, குப்பர்ட்டினோவில் டி ஆன்ஸா. பாடத்தின் அளவை இங்கே யூனிட் கணக்கில் சொல்வார்கள். மாநிலவாசிக்கு ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணம். உரிமம் பெற்ற ப்ரீஸ்கூலில் ஆசிரியராக அடிப்படைத் தேவை, குழந்தைக் கல்வியில் 12 யூனிட். மூன்று யூனிட் வீதம் நாலு பாடம், மொத்தம் 552 டாலர். இதர சில்லறைக் கட்டணங்கள் தனி. அதிலும் ஆறு யூனிட் முடித்ததுமே, மீதியைத் தொடர்ந்து படிக்கும் நிபந்தனையோடு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். பெரியவர்கள் மன்னிக்க வேண்டும், நம் வீட்டுப் பெண்ணின் அரங்கேற்ற மேக்கப் செலவு இதைவிட அதிகம்.

செவ்வாய்க்கிழமை மாலைகளில் நூலகக் கூட்ட அறையில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பினோம். மாநிலவாசிக் கேள்வி வரும் பக்கத்தில்தான் எல்லோரும் சறுக்கினார்கள். இங்கே ஒரு வருடமும் ஒரு நாளும் நிலையாக வாழ்ந்திருக்க வேண்டும், அதற்குச் சான்றும் காட்ட வேண்டும். ஹெச்-4 காரர்களும் அந்தச் சலுகையைக் கோரலாம். இதைத் தெரியாமல் தட்டிவிட்ட இருவருக்கு வெளிமாநிலக் கட்டணத்தில், பல மடங்காகப் பில் வந்துவிட்டது. வாடகை ஒப்பந்தத்தையும் வரிப் படிவத்தையும் தூக்கிக்கொண்டு மூன்று முறை அலுவலகம் போய்த் திருத்தினோம். கார் ஓட்டியது நான், பெட்ரோலும் என்னுடையது. கணக்கில் அதை எழுதவில்லை.

ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். டி ஆன்ஸாவில் குவார்ட்டர் முறை, அதாவது சின்னப் பருவங்கள். மற்ற இரண்டிலும் அதைவிட நீளமான செமஸ்டர். அங்கே 18 குவார்ட்டர் யூனிட் முடித்தால்தான் இங்கே 12 செமஸ்டர் யூனிட்டுக்குச் சமம். நான் இதைச் சொல்லாமல் விட்டதால் ஒரு சகோதரி 12 குவார்ட்டர் யூனிட் முடித்துவிட்டு எங்களுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தார். அப்புறம்தான் தெரிந்தது. மைசூர்பாகைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை, மன்னிப்பு மட்டும் கேட்டேன்.

மொத்தம் 15 பேர் சேர்ந்தார்கள். ஒன்பது பேர் முதல் பாடத்தை முடித்தார்கள். ஐந்து பேர் 12 யூனிட்டையும் முடித்தார்கள். அந்த ஐவரில் நானும் ஒருத்தி. இதை வைத்து ஒரு பேச்சு நடக்கிறது, பிறகு வருகிறேன்.

பாடங்களில் எங்களை அதிகம் ஆட்டிப்பார்த்தது கவனிப்புக் குறிப்பு. ஒரு குழந்தையை ஒரு மணி நேரம் பார்த்து, பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். ஒருவர் "பிடிவாதக்காரப் பையன்" என்ற பொருளில் எழுதிக் கொடுத்தார். ஆசிரியை சிவப்பு மையில் அடித்துவிட்டு, "நீங்கள் எதைப் பார்த்தீர்கள்?" என்று கேட்டார். "லாரி பொம்மையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான், இரண்டு முறை வேண்டாம் என்றான்" என்று திருத்தி எழுதிய பிறகுதான் மதிப்பெண் கிடைத்தது. அன்று வீட்டுக்குப் போய் என் மகனைப் பற்றி நான் தினம் சொல்கிற வார்த்தைகளை எண்ணிப் பார்த்தேன். அந்த எண்ணிக்கை இந்த அறிக்கையில் இடம்பெறாது.

இன்னொரு நாள் தண்டனை பற்றிப் பேச்சு. குழந்தை மையத்தில் கை ஓங்கவே கூடாது. கொடுமை நடப்பதாகச் சந்தேகம் வந்தால் அதிகாரிகளுக்குச் சொல்வது ஊழியரின் சட்டக் கடமை. "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்னு எங்க ஊர்ல சொல்வாங்க" என்று நம்மில் ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்ல, வகுப்பே அமைதியாகிவிட்டது. பக்கத்தில் இருந்த மெக்சிகோ பாட்டி மட்டும், எங்கள் ஊரிலும் ஒரு பழமொழி இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார்.

வேலை வாய்ப்பு எப்படி என்று கேட்கிறீர்கள். 2025-26 கல்வியாண்டிலிருந்து கலிபோர்னியாவில் நாலு வயதுக் குழந்தைகள் எல்லோருக்கும் அரசுப் பள்ளியில் டி.கே. வகுப்பு, அதாவது கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்பு, உண்டு. அதற்கு ஆட்கள் ஏராளமாக வேண்டும். அங்கே வகுப்பின் முதன்மை ஆசிரியராக வேண்டுமானால் ஆசிரியர் உரிமத்தோடு குழந்தைக் கல்வியில் 24 யூனிட்டோ அதற்கு ஈடான தகுதியோ தேவை. 12 யூனிட்டோடு நின்றால் அந்தக் கதவு திறக்காது. உதவியாளர் வேலையும் தனியார் ப்ரீஸ்கூலும் திறக்கும். சம்பளம் மென்பொருள் சம்பளம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. கைரேகை, காசநோய்ப் பரிசோதனை, தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று எல்லாம் கேட்பார்கள். ஊரில் போட்ட ஊசிக்கு எந்தச் சீட்டும் இல்லாமல் மூன்று பேர் மறுபடி போட்டுக்கொண்டார்கள்.

வேறு துறைகளுக்குப் போனவர்களும் உண்டு. இருவர் கணக்குப்பதிவியல், ஒருவர் ரியல் எஸ்டேட். வேலை போன ஒரு அண்ணா ஆட்டோமொபைல் வகுப்பில் இருக்கிறார். வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம், நானும் பெயர் சொல்லவில்லை.

சரி, அந்தப் பேச்சு. "செயலாளர் தன் படிப்புக்குச் சங்கத்தைப் பயன்படுத்திக்கொண்டார்" என்று ஒரு செயற்குழுக் கூட்டத்தில் சொல்லப்பட்டது. நான் வராத ஒரே கூட்டத்தில் சொல்லப்பட்டிருந்தால் புரிந்துகொள்வேன். அப்படி ஒரு கூட்டமே இல்லாததால் என் முகத்துக்கு நேரேதான் சொன்னார்கள். என் கட்டணத்தை நானே கட்டினேன். சங்கப் பணத்தில் வாங்கியது பாடப்புத்தகங்கள் மட்டும், முந்நூறு டாலர் சொச்சம். அவை தமிழ்ப் பள்ளி அலமாரியில் இருக்கின்றன. ஒன்று என் வீட்டில் இருக்கிறது, அடுத்த வாரம் வந்துவிடும். முதலிலேயே இலவசப் பாடநூல் வைக்கும் வகுப்புகளாகப் பார்த்துச் சேர்ந்திருந்தால் இந்தச் செலவும் வந்திருக்காது. அடுத்த அணிக்கு அப்படித்தான் செய்வோம்.

வரவு செலவு பற்றிச் சுருக்கமாக. பொருளாளர் மதுரை போயிருக்கிறார், விவரம் வந்ததும் மின்னஞ்சலில் வரும். கையிருப்பு போன ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு. ஹால் வாடகையும் காப்பீடும் ஏறியதே பெரும்பாலும் காரணம்.

மீதிக் காரணம் சந்தா. குடும்பத்துக்கு வருடம் 60 டாலர். 58 குடும்பங்கள் கட்டவில்லை. இவர்களில் பெரும்பாலோரைப் பொங்கல் பந்தியில் பார்த்தேன், இரண்டாவது முறை சாம்பார் ஊற்றியதும் நான்தான். படிப்புக் குழுவிலேயே ஆறு பேர் பாக்கி. கல்லூரி கேட்டால் அன்றிரவே கட்டுகிறோம், ஏனென்றால் கட்டாவிட்டால் வகுப்பிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். சங்கம் யார் பெயரையும் எடுப்பதில்லை. அதுதான் நம் கஷ்டம்.

நன்றிகள்: அறை தந்த நூலகத்துக்கு, ஒலிபெருக்கி கொண்டுவரும் அண்ணாவுக்கு, சமையல் குழு மாமிகளுக்கு, முறைப்படி தலைவருக்கு, இந்த வருடம் செவ்வாய்தோறும் தோசை ஊற்றிய என் கணவருக்கு.

அடுத்த ஆண்டு என் பதவிக்காலம் முடிகிறது. ஒரு ப்ரீஸ்கூலில் ஜனவரி முதல் காலை வேலை கிடைத்திருக்கிறது. மூன்று வயதுக் குழந்தைகள் பன்னிரண்டு பேரைப் பார்த்துவிட்டு மாலையில் செயற்குழுவையும் பார்க்கலாம், பெரிய வித்தியாசம் இருக்காது. யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு சாவியைக் கொடுப்பேன். யாரும் வராவிட்டால் படிப்புக் குழுவைத் தொடர அனுமதி வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு யோசிக்கிறேன். வசந்த செமஸ்டருக்குப் பதிவு நடந்துகொண்டிருக்கிறது. புதிய மாணவர்களுக்கு, ஏற்கெனவே படிப்பவர்களுக்குப் பிறகுதான் முறை வரும், தாமதித்தால் காத்திருப்புப் பட்டியல்தான். விண்ணப்பம் நிரப்ப லேப்டாப்போடு பின் வரிசையில் இருப்பேன்.

சந்தா வாங்க வாசலில் என் மகன் உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் சில்லறை இல்லை, பணம் அனுப்புவதற்கான ஸெல் (Zelle) எண் மேசையில் ஒட்டியிருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்