மூன்று முறை திரும்பியும் முக்கோணம் வரவில்லை

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இன்று மதியம் உங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்து பையைப் போட்டுவிட்டு, "இன்னைக்கு ஒண்ணுமே சரியா வரல" என்று சொல்லியிருந்தால் பதறாதீர்கள். கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதச் சொல்லித்தரும் நம் கோடிங் முகாமுக்கு வந்த இருபது பேரில் பாதிப் பேராவது அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்டு யாராவது நாளையிலிருந்து பிள்ளையை நிறுத்திவிடுவார்களோ என்ற கவலையில்தான் ராத்திரியே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறேன், போன் இல்லாத வீடுகளுக்குக் காலையில் அச்சடித்துக் கொடுத்தனுப்புகிறோம்.

லேபில் பத்து கம்ப்யூட்டர், ஒன்றுக்கு இரண்டு பேர். ஸ்க்ராட்ச் என்ற மென்பொருளில் ஆரம்பித்தோம். அமெரிக்காவில் எம்ஐடி என்ற பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளுக்காகவே உருவாக்கி 2007-இல் வெளியிட்டது, காசு கிடையாது. திரையில் ஒரு பூனை நிற்கும், கட்டளைகள் வண்ண வண்ணக் கட்டைகளாக இருக்கும், ஒன்றன் கீழ் ஒன்றாகக் கோத்தால் பூனை அதன்படி நடக்கும்.

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி பூனையை நடக்கவிட்டாள், ஓரத்தில் முட்டினால் திரும்பி வரச் சொல்லியும் கட்டளை போட்டாள். பூனை போய் முட்டியது, திரும்பியது, ஆனால் தலைகீழாக, கால் மேலே தலை கீழே என்று நடந்து வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைப் பார்த்து, "சார், நான் உடைச்சிட்டேனா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி என்னை என்னவோ செய்துவிட்டது. 1993-இல் நான் மதுரை டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன், அப்பா கடன் வாங்கித்தான் பீஸ் கட்டினார். இரண்டு வாரம் போர்டில் எழுதிப்போட்டதை நோட்டில் எழுதினோம். மூன்றாவது வாரம்தான் கீபோர்டைத் தொடவிட்டார்கள், நான் ஏதோ ஒரு பட்டனை அழுத்தத் திரை கறுப்பாகிவிட்டது, எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினேன். அதற்கப்புறம் பல வருஷம் எந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலும் எனக்குக் கை நடுங்கும். அந்த நடுக்கம் நம் பிள்ளைகள் ஒருவருக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இந்த லேபில் முதல் விதியாக வைத்திருக்கிறோம்: எந்தக் கட்டளையை எங்கே தப்பாக வைத்தாலும் எதுவும் உடையாது, யாரும் திட்ட மாட்டோம்.

எங்கள் கம்ப்யூட்டர் டீச்சர் மவுஸைத் தொடவே இல்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "பூனை எப்ப தலைகீழா ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். அவள் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்து, ஓரத்தில் முட்டிய அந்த நொடியில்தான் என்று கண்டுபிடித்தாள். திரும்பு என்று சொன்னதும் கம்ப்யூட்டர் படத்தை அப்படியே அரை வட்டம் சுற்றிவிடுகிறது, அது சொன்னதைத்தான் செய்திருக்கிறது. இடது வலது மட்டும் திரும்பினால் போதும் என்று சொல்லவும் அதில் வழி இருக்கிறது, அதையும் அவளே தேடி எடுத்துவிட்டாள்.

அடுத்து, பூனை நடக்கும் வழியெல்லாம் கோடு போடவைத்து முக்கோணம் வரைவது. சதுரம் எல்லாருக்கும் வந்துவிட்டது, 100 அடி நட, 90 டிகிரி திரும்பு, இதை நாலு முறை செய். மூன்று பக்கமும் சமமான முக்கோணத்துக்கு உள்கோணம் 60 என்று கணக்குப் பாடத்தில் படித்திருக்கிறார்கள் அல்லவா, அதனால் எட்டாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் 60 போட்டு மூன்று முறை திரும்ப வைத்தார்கள். வந்தது வாய் திறந்த ஒரு கிண்ணம் மாதிரி, பாதி அறுகோணம். கால் மணி நேரம் மல்லுக்கட்டினார்கள்.

டீச்சர் அவர்களை வராண்டாவுக்குக் கூட்டிப்போய்ச் சாக்பீஸால் பெரிய முக்கோணம் வரைந்து, கோட்டின் மேலேயே நடக்கச் சொன்னார். முனையில் வந்து நின்று உடம்பைத் திருப்பும்போதுதான் ஒருவனுக்கு உறைத்தது, ரொம்பவே திரும்ப வேண்டியிருக்கிறது, 60 பற்றாது என்று. இன்னொருவன் சொன்னான், "மாசி வீதியில தேர் நாலு தடவை திரும்பினா நிலைக்கு வந்திரும், இதுல மூணே தடவையில வரணும், அப்ப ஒவ்வொரு தடவையும் கூடத் திரும்பணும்ல." முழுச் சுற்று 360, மூன்றால் வகுத்தால் 120. ஓடிப்போய் 120 போட்டார்கள், முக்கோணம் மூடிக்கொண்டது. அவர்கள் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

1967-இல் சீமோர் பாப்பெர்ட் என்பவரும் கூட்டாளிகளும் லோகோ என்று பிள்ளைகளுக்கான கணினி மொழி ஒன்றைக் கொண்டுவந்தார்கள், பிற்பாடு அதில் ஓர் ஆமை இதே மாதிரி நடந்து கோடு போடும். பிள்ளை தன்னையே அந்த ஆமையாக நினைத்துக்கொண்டு யோசிக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அது இன்று நம் வராண்டாவில் நடந்ததைப் பார்த்தேன்.

அதனால் வீட்டில் "என்ன படிச்ச, எங்க செஞ்சு காட்டு" என்று கேட்காதீர்கள். எது வரவில்லை, ஏன் வரவில்லை என்று நினைக்கிறாய் என்று கேளுங்கள், பதில் உங்களுக்குப் புரியாவிட்டாலும் கேட்டுக்கொண்டிருங்கள், சொல்லும்போதே பாதி தெளிந்துவிடும்.

லேப்டாப் வாங்கணுமா என்று மூன்று பேர் போன் பண்ணிவிட்டீர்கள். வேண்டவே வேண்டாம், இதற்காக யாரும் கடன் வாங்காதீர்கள். அண்ணனுக்கோ அக்காவுக்கோ அரசு கொடுத்த லேப்டாப் வீட்டில் சும்மா கிடந்தால் கொண்டு வாருங்கள், அதில் ஸ்க்ராட்ச் போட்டுத் தர முடியுமா என்று பார்க்கிறோம். நேரம் காலை 9 முதல் 12 வரைதான், கத்திரி வெயில் ஏறுவதற்குள் வீடு வந்துவிடுவார்கள். சாப்பிட வைத்து அனுப்புங்கள், தண்ணீர் பாட்டில் கட்டாயம்.

இன்னொன்று. பெயர் கொடுத்தவர்கள் இருபத்து நாலு பேர், வராத நாலு பேருமே பெண்பிள்ளைகள். வீட்டில் வேலை இருக்கிறது, சின்னப் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை என்று காரணம் இருக்கும், எனக்குத் தெரியும். தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால் தம்பியையும் கூட்டி வரட்டும், வராண்டாவில் விளையாடட்டும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தயவுசெய்து நாளைக்கு அனுப்பிவையுங்கள், மூன்று பேராக நெருக்கி உட்கார்ந்துகொள்ளலாம்.

நாளைய வேலைக்கு அம்மாக்கள், பாட்டிகள் உதவி தேவை. கோலம் போடப் போகிறோம். சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970களிலேயே நம் புள்ளிக் கோலங்களை வைத்துக் கணினி அறிவியலில் ஆய்வு செய்திருக்கிறார்கள், ஒரு சின்ன விதியைத் திரும்பத் திரும்பச் செய்தால் கோலம் எப்படி வளர்கிறது என்று. காலையில் வாசலில் கோலம் போடும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, எந்தப் புள்ளியில் ஆரம்பிக்கிறீர்கள், எங்கே வளைக்கிறீர்கள், எத்தனை முறை அதையே செய்கிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுங்கள். அதை நோட்டில் எழுதி எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். சின்னக் கோலமாக இருந்தால் போதும், ஐந்து புள்ளிக்கு மேல் போகாதீர்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்